செலிகாவா, எம்ஆர்2வா? எஞ்சின் வதந்தியும் பெயர் வதந்தியும்

கேள்வி இதுதான். டொயோட்டா அடுத்துக் கொண்டுவரப்போகும் ஸ்போர்ட்ஸ் காரில் 2.0 லிட்டர் டர்போ எஞ்சின், 400 குதிரைத்திறன் என்கிறார்கள். டொயோட்டாவின் பழைய ஸ்போர்ட்ஸ் கார் பெயர்களில் செலிகாதான் வரும் என்று ஒரு பக்கம், எம்ஆர்2 என்று இன்னொரு பக்கம், டொயோட்டாவின் சொகுசுப் பிராண்டான லெக்ஸஸ் பேட்ஜில் வரும் என்று வேறு சிலர். இதில் எதை நம்புவது, டீலரிடம் இப்போதே முன்பணம் கட்டிப் பெயரைப் பதிந்து வைக்கலாமா?

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணங்களுக்குப் பிறகு வருகிறேன். 2.0 டர்போ என்பதை நம்புங்கள். 400 குதிரைத்திறன் என்பதை முதல் வருட மாடலுக்கு நம்ப வேண்டாம். பெயரைப் பற்றி யார் எவ்வளவு அடித்துச் சொன்னாலும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். முன்பணம் கட்டாதீர்கள்.

எஞ்சினையும் பெயரையும் ஏன் பிரித்துச் சொல்கிறேன் என்றால், ஒரு காரில் எஞ்சின் முதலில் முடிவாகிற விஷயம், பெயர் கடைசியில் முடிவாகிற விஷயம். எஞ்சின் எது என்று தெரியாமல் பானெட் எவ்வளவு உயரம் என்று வரைய முடியாது, ரேடியேட்டருக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்று தெரியாது, மோதினால் முன்பக்கம் எப்படி நசுங்க வேண்டும் என்று கணக்குப் போட முடியாது, கியர்பாக்ஸுக்கு ஒப்பந்தம் போட முடியாது, புகைச் சோதனைக்கு அனுப்பவும் முடியாது. இதெல்லாம் விற்பனைக்குப் பல வருடம் முன்பே ஓடத் தொடங்கும் வேலைகள், இதில் நூற்றுக்கணக்கான ஆட்கள், வெளி சப்ளையர்கள் எல்லாம் சம்பந்தப்படுவதால் விஷயம் கசியத்தான் செய்யும். பெயருக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. பின்பக்கம் ஒட்டும் எழுத்தும் ஸ்டியரிங் நடுவில் உள்ள சின்னமும் கையேட்டின் அட்டையும்தான், ரொம்பத் தாமதமாகக் கூட மாற்றலாம். மேலிடத்தில் ஒரு சிலர் முடிவெடுத்தால் போதும், அதனால் அது கசியவும் கசியாது.

இதற்கு நல்ல சாட்சி டொயோட்டாவின் ஜிஆர் ஜிடி (ஜிஆர் என்பது டொயோட்டாவின் பந்தயப் பிரிவான காஸூ ரேசிங்). 2022 ஜனவரியில் டோக்கியோ ஆட்டோ சலோனில் ஜிஆர் ஜிடி3 கான்செப்ட் என்று ஒரு ரேஸ் காரைக் காட்டினார்கள். அதன் சாலை வடிவம் வரும், அதில் ட்வின் டர்போ வி8 ஹைப்ரிட் இருக்கும் என்ற பேச்சு பல வருடம் ஓடியது, கூடவே அது லெக்ஸஸ் கார், பெயர் எல்எஃப்ஆர் என்றும் கிட்டத்தட்ட எல்லோரும் எழுதினார்கள். 2025 டிசம்பரில் கார் வெளியே வந்தது. எஞ்சின் சொன்னபடியே 4.0 லிட்டர் ட்வின் டர்போ வி8, ஹைப்ரிட், 650 பிஎஸ்ஸுக்கு (மெட்ரிக் குதிரைத்திறன்) மேல் இலக்கு. பெயர் மட்டும் ஜிஆர் ஜிடி, லெக்ஸஸ் பேட்ஜ் கிடையாது. அதே மேடையில் லெக்ஸஸ் எல்எஃப்ஏ கான்செப்ட் என்று இன்னொரு கார் நின்றது, அது முழுக்க எலெக்ட்ரிக். 4.8 லிட்டர் வி10 எஞ்சினோடு 500 கார்கள் மட்டும் செய்து 2012ல் நிறுத்திய அந்தப் பெயர், பேட்டரி காருக்குப் போகும் என்று யார் எதிர்பார்த்தார்கள்?

எஞ்சின் விஷயத்தில் ரசிகர்கள் எப்படிச் சரியாகச் சொல்கிறார்கள் என்று கேட்டால், பாதி காரணம் காது. இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல எனக்கு ஆசை, ஏனென்றால் இதை நீங்களே செய்து பார்க்கலாம். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும். 6,000 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 100 சுற்று. அப்போது 3 சிலிண்டர் எஞ்சின் நொடிக்கு 150 முறை வெடிக்கும், 4 சிலிண்டர் 200, 6 சிலிண்டர் 300, வி8 என்றால் 400. ஜெர்மனியில் கார்களைச் சோதிக்கும் நர்பர்க்ரிங் பந்தயத் தட ஓரத்தில் நின்று யாரோ எடுத்த வீடியோவின் ஒலியை ஃபோனில் உள்ள ஒரு ஸ்பெக்ட்ரம் ஆப்பில் போட்டால் இந்த அலைவரிசைகள் கோடுகளாகத் தெரியும். ஆர்பிஎம் எவ்வளவு என்று சரியாகத் தெரியாவிட்டாலும், கியர் மாற்றும்போது கோடு எங்கிருந்து எங்கே விழுகிறது, பிரதானக் கோட்டுக்கு நடுவில் வேறு கோடுகள் இருக்கின்றனவா என்று பார்த்தே நிறையச் சொல்லலாம். கிராஸ் பிளேன் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டின் மடிப்புகள் சிலுவை போல நிற்பது) கொண்ட வி8ல் ஒவ்வொரு பக்க எக்ஸாஸ்டிலும் வெடிப்பு சம இடைவெளியில் வராது, அதுதான் அந்த அடித்தொண்டை உறுமல். மடிப்புகள் ஒரே தளத்தில் இருக்கும் பிளாட் பிளேன் கிராங்கில் சீராக வரும், ஒலி கூர்மையாக மேலே ஏறும். கார்வெட் சி8.ஆர் ரேஸ் கார் டேடோனாவில் ஓடியபோதே அந்தச் சத்தத்தை வைத்து, சாலைக்கான கார்வெட் இசட்06லும் பிளாட் பிளேன் வி8தான் வரும் என்று பலர் சொல்லிவிட்டார்கள். 2021 அக்டோபரில் 5.5 லிட்டர், 670 குதிரைத்திறன், 8,600 ஆர்பிஎம் என்று அதுவே வந்தது. காருக்கு உள்ளே ஸ்பீக்கரில் வரும் சத்தத்தை மட்டும் நம்பாதீர்கள், வெளியே நின்று பதிவு செய்ததாக இருக்க வேண்டும்.

அதே கார்வெட்டில் பெயர்க் கதையையும் பாருங்கள். 2014ல் ஜெனரல் மோட்டார்ஸ் ‘சோரா’ என்ற பெயருக்கு டிரேட்மார்க் கேட்டு விண்ணப்பித்தது. அன்றிலிருந்து மிட் எஞ்சின் (சீட்டுக்குப் பின்னால் எஞ்சின் உள்ள) கார்வெட்டின் பெயர் சோராதான் என்று வருடக்கணக்கில் எழுதினார்கள். 2019 ஜூலையில் கார் வந்தபோது பெயர் கார்வெட் ஸ்டிங்ரே. டிரேட்மார்க் விண்ணப்பம் என்பது பெயரை வேறு யாரும் எடுத்துவிடாமல் இருக்கப் போட்டு வைக்கும் துண்டு, அவ்வளவுதான். அமெரிக்காவில் ‘பயன்படுத்தும் எண்ணம் உண்டு’ என்று விண்ணப்பித்துவிட்டு, அனுமதி கிடைத்த பிறகு ஆறாறு மாதமாக நீட்டித்து 36 மாதம் வரை இழுக்கலாம். பெரிய கம்பெனிகளுக்கு அதன் செலவு ஒரு பொருட்டே இல்லை. அதனால் ‘டொயோட்டா இந்தப் பெயரைப் பதிவு செய்துவிட்டது, ஆகவே கார் உறுதி’ என்று யாராவது எழுதினால் அடுத்த செய்திக்குப் போய்விடுங்கள்.

எஞ்சின் வதந்தி எல்லாமே உண்மை என்று நான் சொல்லவில்லை. எது எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். ஆசையிலிருந்து பிறக்கும் எஞ்சின் வதந்தி ஒன்று உண்டு, அது எப்போதும் பொய்த்துப் போகிறது. டொயோட்டாவின் ஸ்போர்ட்ஸ் காரான சுப்ரா நல்ல உதாரணம். 2014 ஜனவரியில் எஃப்டி-1 கான்செப்ட் வந்ததிலிருந்து, பழைய சுப்ராவின் 2ஜேஇசட் எஞ்சினுக்கு டொயோட்டாவே ஒரு வாரிசு செய்கிறது, இல்லை லெக்ஸஸின் ட்வின் டர்போ வி6 வரும், ஹைப்ரிட் வரும் என்றெல்லாம் பேச்சு. ஆனால் பிஎம்டபிள்யூவோடு சேர்ந்து ஸ்போர்ட்ஸ் கார் செய்யப்போவதை இரண்டு கம்பெனிகளும் அதற்கு முன்பே வெளிப்படையாக அறிவித்திருந்தன. பிஎம்டபிள்யூவிடம் பி58 என்ற அருமையான 3.0 லிட்டர் இன்லைன் 6 இருக்கிறது, சேசிஸ் பிஎம்டபிள்யூவின் இசட்4 காரோடு பொது, இரண்டையும் ஆஸ்திரியாவின் கிராட்ஸில் மேக்னா ஸ்டைர்தான் செய்யப்போகிறது. இந்த ஏற்பாட்டில் டொயோட்டா தனக்கென்று வேறு எஞ்சினைக் கொண்டுபோய்த் திணிக்க என்ன வழி? 2019ல் கார் வந்ததும் ஏமாந்துபோனோம் என்று பலர் கோபப்பட்டார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது, ஆனால் ஒப்பந்தச் செய்தியை அன்றே ஒழுங்காகப் படித்தவர்களுக்கு அதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

86 கதை இதைவிட நீளம். 2012ல் டொயோட்டா 86ம் சுபாரு பிஆர்இசட்டும் வந்தபோது 2.0 லிட்டர் பாக்ஸர் (சிலிண்டர்கள் எதிரெதிரே படுத்திருக்கும் எஞ்சின்), 200 பிஎஸ், டர்போ இல்லை. அன்றிலிருந்து ஏறக்குறைய ஒவ்வொரு வருடமும் ‘அடுத்த வருடம் டர்போ’ என்ற செய்தி வந்தது. அதே குடும்பத்து எஃப்ஏ20 எஞ்சினை டர்போவோடு சுபாரு தன் டபிள்யூஆர்எக்ஸ் காரில் போட்டதால் கேட்கிறவர்களுக்கும் நியாயமாகப் பட்டது. ஆனால் 86ல் அந்த எஞ்சின் எவ்வளவு தாழ்வாகவும் பின்தள்ளியும் உட்கார்ந்திருக்கிறது என்று ஒருமுறை பானெட்டைத் திறந்து பாருங்கள். டர்போவும் அதன் குழாய்களும் இன்டர்கூலரும் போக இடம் வேண்டுமென்றால் எஞ்சினை மேலே தூக்க வேண்டும், எடை மையம் கெடும், அப்புறம் அந்தக் கார் எதற்காகப் பிறந்ததோ அதுவே போய்விடும். தலைமைப் பொறியாளர் தெத்சுயா தாதா டர்போ வேண்டாம், ஆல் வீல் டிரைவ் வேண்டாம், ஒட்டிப் பிடிக்கும் டயரும் வேண்டாம் என்று நினைத்தே செய்த கார் அது. பிரியஸுக்குப் போட்ட அதே மிஷெலின் டயரைப் போட்டு விற்றார்கள். கடைசியில் 2021ல் இரண்டாம் தலைமுறை வந்தபோது செய்தது என்ன? எஞ்சினை 2.4 லிட்டராகப் பெரிதாக்கி 235 பிஎஸ் எடுத்தார்கள். டர்போ வரவே இல்லை.

2022ல் ஜப்பானின் சூப்பர் தைக்யூ பந்தயத்தில் ஜிஆர்86 (இரண்டாம் தலைமுறை 86ன் பெயர்) ஒன்று 1.4 லிட்டர் 3 சிலிண்டர் டர்போவோடு ஓடியதும் மறுபடி அதே பேச்சு கிளம்பியது. அந்தக் கார் கார்பன் நியூட்ரல் எரிபொருளைச் சோதிக்க ஓடியது. அந்தப் பந்தயத்தின் எஸ்டி-க்யூ வகுப்பே கார் கம்பெனிகள் சோதனை வண்டிகளை ஓட்டிப் பார்க்கத்தான் இருக்கிறது. ஹைட்ரஜன் கொரோலாவும் அதே வகுப்பில்தான் ஓடியது. அங்கே ஓடியதெல்லாம் ஷோரூமுக்கு வரும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

சரி, இப்போது நீங்கள் கேட்ட காருக்கு வருவோம்.

2024 மே மாதம் டொயோட்டா, சுபாரு, மஸ்டா மூன்றும் ஒரே மேடையில் தங்கள் அடுத்த எஞ்சின்களைப் பற்றிப் பேசின. டொயோட்டா இரண்டு புதிய 4 சிலிண்டர் எஞ்சின்களைச் சொன்னது, ஒன்று 1.5 லிட்டர், மற்றது 2.0 லிட்டர் டர்போ. இந்த 2.0, இப்போதுள்ள 2.4 டர்போவைவிடக் மொத்தப் பருமனிலும் உயரத்திலும் 10 சதவீதம் சிறியது. அடுத்து 2025 ஜனவரியில் ஜிஆர் யாரிஸ் எம் கான்செப்ட் என்று ஒரு வண்டியைக் காட்டினார்கள். ஜிஆர் யாரிஸின் முன்பக்க எஞ்சினை எடுத்துவிட்டு, ஜி20இ என்ற இந்த 2.0 டர்போவைச் சீட்டுக்குப் பின்னால் வைத்து, நான்கு சக்கரத்துக்கும் சக்தி போகிற மாதிரி செய்த சோதனைக் கார். இதுவும் சூப்பர் தைக்யூவுக்காகச் செய்ததுதான் என்பதால், இப்போதுதானே அப்படி நம்பாதே என்றாய் என்று நீங்கள் கேட்கலாம். வித்தியாசம் இருக்கிறது. 1.4 எஞ்சின் வேறு எந்தக் காருக்கும் அறிவிக்கப்படாத ஒற்றைச் சோதனை. ஜி20இ கம்பெனியே தன் அடுத்த தலைமுறை எஞ்சின் என்று மேடையில் அறிவித்தது, பல மாடல்களுக்குப் போகப்போவது. அதைச் சுமக்க டொயோட்டாவிடம் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இல்லாமல் இருக்காது. இன்னொரு காரணமும் உண்டு. ஜப்பானில் வருடாந்தரக் கார் வரி எஞ்சின் அளவைப் பொறுத்தது. 2,000 சிசி வரை 36,000 யென், அதைத் தாண்டினால் 43,500 யென். வித்தியாசம் பெரிதல்ல என்றாலும், வருடா வருடம் கட்டுகிற பணம். உள்ளூரில் விற்கிற காருக்கு 2.0 என்ற அளவு எப்போதும் வசதியான இடம்.

குதிரைத்திறன் பற்றி ஒரு சின்னக் கணக்கு. ஜிஆர் யாரிஸின் 1,618 சிசி எஞ்சின் இப்போது ஜப்பானில் 304 பிஎஸ் தருகிறது, அதாவது லிட்டருக்குச் சுமார் 188. அதே விகிதத்தில் 2.0 லிட்டருக்குப் போட்டால் 376 வரும். மெர்சிடிஸ் ஏஎம்ஜி 2019லேயே ஏ45 எஸ் காரில் 2.0 டர்போவிலிருந்து 421 பிஎஸ் எடுத்து விற்றது. ஆக 400 என்பது எட்டாத உயரம் இல்லை. ஆனால் டொயோட்டாவின் பழக்கத்தைப் பாருங்கள். ஜிஆர் யாரிஸ் ஜப்பானில் 272ல் தொடங்கிப் பிறகு 304 ஆனது. சுப்ரா 340ல் தொடங்கி 387 ஆனது. 86 இருநூறில் தொடங்கியது. முதலில் கையில் கொஞ்சம் வைத்துக்கொண்டு, பின்னால் ஏற்றுவதுதான் இவர்கள் வழக்கம். மிட் எஞ்சின் என்றால் சூடும் சேர்ந்துகொள்ளும், ஏனென்றால் எதிர்க்காற்று நேராக எஞ்சின்மேல் படாது, பக்கவாட்டுத் துளைகள் வழியாகத்தான் காற்றைப் பிடித்து உள்ளே இழுக்க வேண்டும். அதனால் என் மதிப்பு, 320க்கும் 370க்கும் நடுவில் தொடங்கும். 400 பின்னால் வரும் ஒரு சிறப்புப் பதிப்பில் வரலாம்.

செலிகா என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்றால், அது வெறும் வதந்தியாக வரவில்லை. 2024 நவம்பரில் ஜப்பான் ரேலி நடந்தபோது, அப்போது தொழில்நுட்பப் பொறுப்பில் இருந்த டொயோட்டா துணைத் தலைவர் நகாஜிமாவே மேடையில் செலிகா செய்கிறோம் என்று சொல்லிவிட்டார். 1990லும் 1992லும் கார்லோஸ் சைன்ஸ் உலக ரேலி சாம்பியன் ஆனது செலிகாவில்தான், அதை ரேலி மேடையில் சொன்னால் கூட்டம் எப்படி ஆர்ப்பரிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. எனவே செலிகா என்ற பெயரில் ஒரு கார் வருகிறது என்பதை நானும் நம்புகிறேன். ஆனால் அந்த மிட் எஞ்சின் சோதனை வண்டிதான் அந்தச் செலிகா என்று யாரும் சொல்லவில்லை. 1970லிருந்து 2006 வரை ஏழு தலைமுறைச் செலிகாவிலும் எஞ்சின் முன்னால்தான் இருந்தது. மிட் எஞ்சின் 1984ல் தொடங்கிய எம்ஆர்2வின் சொத்து. இரண்டு செய்தியையும் ஒரே காரில் ஏற்றிக் குழப்பிக்கொண்டதுதான் இப்போது நடக்கும் சண்டைக்குக் காரணம் என்பது என் கருத்து.

இன்னொரு குழப்பம் உலக ரேலி பந்தயத்தின் 2027 விதியிலிருந்து வருகிறது. புதிய விதியில் குழாய்ச் சட்டகத்தால் பாதுகாப்புக் கூண்டு, மேலே எந்த வடிவமும் போர்த்திக்கொள்ளலாம், காரின் விலைக்கு 3,45,000 யூரோ உச்சவரம்பு. அதனால் கூபே வடிவத்தில் ஒரு ரேலி வண்டி தென்பட்டால் அதை வைத்து ஷோரூம் செலிகாவின் எஞ்சினைச் சொல்லவே முடியாது. முன்பு ஜிஆர் யாரிஸுக்கு மூன்று கதவுத் தனி உடல் செய்ததே ரேலி விதிக்காக, அந்தக் கட்டாயம் இப்போது இல்லை.

பேட்ஜ் விஷயம். ஜிஆர் பேட்ஜ் இருக்கும் என்று ஊகிக்கலாம், 2019 சுப்ராவிலிருந்து யாரிஸ், 86, கொரோலா என எல்லாமே அந்த வழியில் வந்தவை. ஆனால் நாட்டுக்கு நாடு ஒரே பெயர் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். முதல் 86 ஜப்பானில் 86, ஐரோப்பாவில் ஜிடி86, அமெரிக்காவில் சயான் எஃப்ஆர்-எஸ். 2016ல் சயான் பிராண்டையே மூடியதும், அதே கார் அங்கே டொயோட்டா 86 ஆகிவிட்டது. காரை வாங்கி நான்கு வருடத்தில் அதன் பிராண்டே இல்லாமல் போனது. டாட்ஜ் வைப்பரும் 2013ல் எஸ்ஆர்டி வைப்பர் ஆகி, அடுத்த வருடமே மறுபடி டாட்ஜ் பக்கம் போனது. ஃபெராரி வி6 கார் செய்தால் பழைய மாதிரி டீனோ என்ற தனிப் பெயரில்தான் விற்கும் என்று பல வருடம் எழுதினார்கள். 2021ல் 3.0 லிட்டர் வி6 ஹைப்ரிட் வந்தது, 296 ஜிடிபி என்று, குதிரைச் சின்னத்தோடு. வி6 வரும் என்றது சரி, டீனோ என்றது தவறு.

எஞ்சினைவிட நீங்கள் கவனிக்க வேண்டியது எந்த நாட்டில் விற்பார்கள் என்பதை. ஜிஆர்86 ஐரோப்பாவிலிருந்து போனது எஞ்சினால் அல்ல, 2024 ஜூலையில் வந்த பாதுகாப்புச் சாதன விதிகளால். 2026 நவம்பர் இறுதியில் அங்கே புதிய மாடல்களுக்கு யூரோ 7 என்ற புகை விதி தொடங்குகிறது. அந்த 2.0 எஞ்சினை வரையும்போதே இப்படிப்பட்ட கடுமையான விதிகளைக் கணக்கில் எடுத்ததாக டொயோட்டா சொல்லியிருப்பது நல்ல செய்தி.

கடைசியாக முன்பணம். 1988ல் ஜாகுவார் எக்ஸ்ஜே220 கான்செப்ட்டைக் காட்டியபோது வி12 எஞ்சின், ஃபோர் வீல் டிரைவ் என்றார்கள். 50,000 பவுண்டு கட்டி ஆட்கள் வரிசையில் நின்றார்கள். 1992ல் கையில் வந்தது 3.5 லிட்டர் ட்வின் டர்போ வி6, பின் சக்கர டிரைவ். 542 குதிரைத்திறன் கொண்ட அற்புதமான கார்தான், ஆனால் கேட்டது அது இல்லை என்று பலர் கோர்ட்டுக்கே போனார்கள். கம்பெனியே மேடையில் சொன்ன எஞ்சினுக்கு நடந்த கதை இது. உங்கள் டீலர் வைத்திருப்பது கம்பெனி அறிவிக்காத காருக்கான பட்டியல், அதில் எஞ்சின், டிரைவ், கியர்பாக்ஸ், விலை எதுவும் எழுத்தில் இருக்காது. பெயரை மட்டும் இலவசமாக எழுதிக்கொள்வார் என்றால் எழுதிக் கொடுங்கள். பணம் கேட்டால், அது முழுவதும் திரும்பக் கிடைக்கும் என்று எழுதி வாங்காமல் கொடுக்க வேண்டாம். சாலைக்கான மாடலுக்கு அரசு அனுமதிச் சான்று வந்ததும் அந்த எண்கள் வெளியே தெரிந்துவிடும், அதற்குப் பிறகு கட்டினாலும் தாமதம் ஆகாது.